மிளகாய்க்குப் பாதி, புறாவுக்குப் பாதி

போன வாரம் நம் மருந்துக்கடைக்காரியைக் கட்டிலில் கண் விழித்தபடி விட்டுவிட்டு வந்தோம். மேலே புயல் மொட்டை மாடிக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைகளின் மேல் ஆலங்கட்டி விழுந்த சத்தம், யாரோ லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல இருந்தது. எழுந்து ஓடப் பார்த்தவளைக் கணவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இப்பக் கதவைத் திறந்தா கதவே உன் மேல விழும். பேசாம படு."

படுத்தாள். விடிந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போனாள்.

அவள் கதையைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வீடு ஒன்றுதான், குடும்பம் இரண்டு. கீழே பெரியவன். நசுங்கிய கார்களைச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மனைவி வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். மேலே அவன் தம்பி. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவனுக்கு வாக்கப்பட்டவள்தான் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நம் நாயகி.

மாமனார் போன பிறகு மொட்டை மாடி யாருக்கு என்று ஒரு பேச்சு வந்தது. பெரியவன் பேச்சை வளர்க்கவில்லை. பட்டறையிலிருந்து பெயிண்ட் கொண்டுவந்து மாடியின் நடுவே ஒரு மஞ்சள் கோடு இழுத்தான். அந்தப் பக்கம் அவனுடைய புறாக்கூடு. இந்தப் பக்கம் அவளுடைய மிளகாய்த் தொட்டிகள்.

"புறாவுக்குக் கோடு தெரியுமாண்ணா?" என்று தம்பி கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

மிளகாய் என்றால் சமையலுக்குக் கிள்ளிப் போடும் சாதாரண மிளகாய் இல்லை. தோல் சுருங்கி, வால் தேள்கொடுக்குபோல வளைந்து, நுனியை நாக்கில் வைத்தாலே காதை அடைக்கிற ரகம். முதல் வருடம் வெயில் அத்தனை பூவையும் உதிர்த்தது. இரண்டாம் வருடம் இலையெல்லாம் மூடிய கைபோலச் சுருண்டது. கணவன் கடை லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளையா ஊர்றது, நண்டு மாதிரி இருக்கு" என்றான். அத்தனை செடியையும் பிடுங்கி எரித்தாள். மூன்றாம் வருடம் விடவில்லை. தினம் சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் சோப்புத் தண்ணீர். பூச்சி ஒட்டிக்கொள்ள மஞ்சள் பசை அட்டை. வெயிலுக்கும் புறாவுக்கும் சேர்த்து மேலே வலை. காய் பிடித்தது; போன வாரம் பழுக்கவும் ஆரம்பித்தது. ஆசையாக ஒன்றைக் கடித்துப் பார்த்த கணவன், அன்று பகல் முழுக்க ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தான். வீடு நிம்மதியாக இருந்தது என்று அவள் கடையில் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது மாடியில் கால் வைத்ததும் அவளுக்குச் சிரிப்பு மறந்துபோனது.

வலை கிழிந்து கைப்பிடிச் சுவரில் கந்தலாகத் தொங்கியது. தொட்டிகள் உருண்டு ஒன்றோடொன்று மோதி உடைந்திருந்தன. நல்ல பருவத்தில் இருந்த செடிகள் இடுப்பொடிந்து கிடந்தன. ஆலங்கட்டி பட்ட இலைகள் சல்லடையாக இருந்தன. ஆனால் ஒரு ஓரத்தில், தண்ணீர்த் தொட்டியின் மறைவில், ஒரு வரிசை செடிகள் நின்றன. காய்கூட உதிராமல் நின்றன.

அவள் அழவில்லை. கத்தரியை எடுத்து உட்கார்ந்தாள். ஒடிந்த கிளையைக் கணுவுக்கு மேலே வெட்டினாள். சாய்ந்ததற்கு முட்டுக் கொடுத்தாள். வேர் தெரிந்த செடிக்கு மண்ணை அணைத்தாள். புயல் ஈரத்துக்குப் பூச்சி இரண்டு மடங்காக வரும் என்று அவளுக்குத் தெரியும். மிச்சம் நின்ற செடிகளுக்காவது அடித்துவிடலாம் என்று சோப்புத் தண்ணீர் கேனைத் தோளில் மாட்டினாள்.

படியில் காலடி கேட்டது. ஓரகத்தி, கையில் துடைப்பத்தோடு.

"நீ எதுக்கு மேல வந்தே?" என்றாள் தையல்காரி. குரலில் அவசரம் இருந்தது.

"செடி பாக்க வந்தேன்க்கா. பாருங்க கோலத்தை."

"நான் பெருக்கி விடறேன். நீ கீழ போ. காபி போட்டு வெச்சிருக்கேன், போய்க் குடி."

"இருக்கட்டும்க்கா. இதைக் கட்டிட்டு வரேன்."

"சொன்னா கேளேன். போ."

மருந்துக்கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஓரகத்தி அவளை அதட்டியதில்லை. அந்த நேரத்தில்தான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. மாடியில் சத்தமே இல்லை. வழக்கமாக விடியும்போதே குனுகிக்கொண்டிருக்கும் புறாக்கள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

கோட்டைத் தாண்டிப் போனாள். கூடு கவிழவில்லை. பெரியவன் தன் கையாலேயே வெல்டிங் வைத்துச் செய்த கூடு. எந்தப் புயலுக்கும் அசையாது. உள்ளே புறாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. கழுத்து முறுகி, கால் விறைத்து. அலகோரம் நுரை காய்ந்திருந்தது. வெளியே ஒன்று சிறகை விரித்தபடி, மஞ்சள் கோட்டின் மேலேயே விழுந்து கிடந்தது.

"அக்கா, இது புயல்ல செத்த மாதிரி இல்லையே" என்றாள்.

தையல்காரி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவன் மேலே வந்துகொண்டிருந்தான்.

அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கூட்டுக்கு முன்னால் மண்டியிட்டான். ஒரு வெள்ளைப் புறாவை எடுத்தான். அதன் தலை அவன் விரலிடுக்கில் துவண்டு விழுந்தது. நுரையைக் கட்டைவிரலால் துடைத்தான். மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். பிறகு திரும்பி, அவள் தோளில் தொங்கிய கேனைப் பார்த்தான்.

"என்ன அடிச்சே?"

"சோப்புத் தண்ணி, மாமா. வேற ஒண்ணும் இல்ல."

"மருந்துக்கடையில வேலை பாக்கிறவ. சோப்புத் தண்ணி."

"சத்தியமா மாமா. வேணும்னா நானே குடிச்சுக் காட்டறேன்."

"என் புறா உன் காயைக் கொத்துதுன்னு அன்னிக்கே சொன்னியே. ஞாபகம் இருக்கு எனக்கு."

செடிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புப் பைப்பை அவன் பிடுங்கினான். செடியும் வேரோடு வந்தது. ஓங்கினான்.

முதலில் தொட்டிகள். புயல் விட்டுவைத்த வரிசையை அவன் விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மண் தெறித்தது, ஓடு தெறித்தது, பழுத்த மிளகாய் நசுங்கித் தெறித்தது. பட்டறையில் தினமும் தகரத்தை அடிக்கிற கை, ஓயவில்லை. சிவப்புச் சாறு அவன் முழங்கைவரை வழிந்தது. அவள் கடைசித் தொட்டியின் மேல் குனிந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"போதும் மாமா. இது ஒண்ணையாவது விடுங்க."

அவன் நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்தான். வேர்வையோடு சாறும் கண்ணில் இறங்கியது.

இதுவரை வராத சத்தம் அப்போதுதான் அவன் தொண்டையிலிருந்து வந்தது. இரண்டு கண்ணையும் கசக்கினான். கசக்கக் கசக்க இன்னும் உள்ளே தேய்த்தான். "கண்ணுல போட்டுட்டா, கண்ணுல போட்டுட்டா" என்று அலறிக்கொண்டே பைப்பைச் சுழற்றினான். அது சுவரில் பட்டது, கூட்டில் பட்டது. அடுத்த வீச்சு அவள் முன்கையில் பட்டது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கை அவள் கையாகவே இல்லை. முழங்கைக்குக் கீழே வேறு யாருடையதோபோலத் தொங்கியது.

அலறல் கேட்டுக் கணவன் ஓடி வந்தான். பாதி முகத்தில் சவர நுரை. தரையில் கிடந்த மனைவியைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பைப்பை ஓங்குவதைப் பார்த்தான்.

உடைந்த தொட்டியின் அடிப்பாகம் ஒன்று காலருகே கிடந்தது. அதை எடுத்து அண்ணனின் காதுக்கு மேலே அடித்தான்.

பெரியவன் முட்டி மடங்கி உட்கார்ந்தான். பைப் உருண்டு ஓடியது. "யாருடா?" என்றான். "டேய், கண்ணு தெரியலடா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பி நிறுத்தவில்லை. மார்பில் மிதித்தான். சாய்ந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினான். மூக்கு உடைந்தது. உதடு கிழிந்தது. அடிக்கிறவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பெரியவன் கை ஒருமுறை தம்பியின் சட்டையைப் பிடித்தது, பிறகு நழுவியது.

"விடுங்க. செத்துடுவாரு. விடுங்கன்னு சொல்றேன்ல." அவள் ஒரு கையால் அவன் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. அவள் திரும்பி, "அக்கா, வந்து பிடிங்க" என்று கத்தினாள்.

தையல்காரி படிக்கட்டு ஓரமாக நின்றாள். துடைப்பம் இன்னும் கையில் இருந்தது. ஓடி வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்து மாடிக்காரர்கள் சுவர் ஏறிக் குதித்துத்தான் அவனைப் பிரித்தார்கள்.

*

ஆம்புலன்ஸ் பெரியவனைத் தூக்கிப் போனது. போலீஸ் தம்பியை ஜீப்பில் ஏற்றியது. அவன் முகத்தில் நுரை காய்ந்து, அதன் மேல் ரத்தம் காய்ந்திருந்தது. ஏறும் முன் மனைவியைத் தேடினான்.

"கை எப்படி இருக்கு?"

"ஒடிஞ்சிருக்கு. சரியாயிடும்."

"அண்ணன் கண்ணைக் கழுவச் சொல்லு. தேய்க்கக் கூடாது. தண்ணியை விட்டுக்கிட்டே இருக்கணும். டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு." கொஞ்சம் யோசித்தான். "சின்ன வயசுல என்னை எவனாவது தொட்டா, தெருவுல போட்டு மிதிப்பாரு. அவரு மிதிக்கிறதைப் பாத்துதான் நான் வளர்ந்தேன். எனக்கும் வரும்னு தெரியாது."

ஜீப் கிளம்பிவிட்டது.

மருத்துவமனை நடைபாதையில் தரையோடு திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். புதிதாகப் போட்ட மாவுக்கட்டு அவள் கையில் சூடாக இறுகிக்கொண்டிருந்தது. உள்ளே பெரியவனுக்கு மண்டையில் அறுவை நடக்கிறது என்றார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை அவளும் கவுண்டருக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓரகத்தி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எலி மருந்து."

"என்னக்கா?"

"சோளத்துல பிசைஞ்சு வெச்சேன். தண்ணியிலயும் கொஞ்சம் கலந்தேன். புயல் வருதுன்னு ரேடியோல சொன்னாங்க. காலையில பாத்தா புயல்ல செத்துச்சுன்னு நினைப்பாரு. மிச்ச சோளத்தைப் பெருக்கிடலாம்னுதான் துடைப்பத்தோட வந்தேன். நீ எனக்கு முன்னாடி வந்து நின்னே."

மருந்துக்கடைக்காரிக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் எழுந்தாள். நல்ல கையால் ஓரகத்தியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"என் கை போச்சு. என் புருஷன் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்காரு. மாமா பைப்பை எடுத்தப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

தையல்காரி கன்னத்தைத் தடவவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அறை விழுந்த பிறகு அடுத்தது எந்தப் பக்கம் வரும் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரியின் கை தானாகக் கீழே இறங்கியது.

"வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள் தையல்காரி. "சொன்னா அந்தப் பைப்பு என் தலைக்கு வரும். அது பயம். ஒத்துக்கறேன். ஆனா உன் வீட்டுக்காரர் அவரை அடிச்சப்ப நான் நின்னேன் பாரு, அது பயம் இல்ல."

"புறா என்னக்கா பண்ணுச்சு உங்களை?"

"ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு ஒரு புறாவுக்குக் கால்ல நூல் சுத்தி அறுத்துடுச்சு. மடியில போட்டு, ஊதி ஊதி, வலிக்காம எடுத்தாரு. என் மெஷின் நூலுதான். நூலைக் கீழ போட்டதுக்கு எனக்கு."

ரவிக்கையின் தோள்பக்கத்தைக் கொஞ்சம் விலக்கினாள். கழுத்தெலும்புக்குக் கீழே வட்ட வட்டமாக அச்சு. பட்டறைச் சுத்தியலின் தலை அளவு. ஒன்று கருநீலம், ஒன்று பச்சை, ஒன்று மங்கிய மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வயது.

"இத்தனை நாள் மேல குடியிருக்கேன். எனக்குத் தெரியலையே" என்றாள் இளையவள்.

"பட்டறைச் சத்தம்னு நினைச்சிருப்பே. எல்லாரும் அப்படித்தான்."

அறைந்த கன்னத்தில் விரல் தடம் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் இளையவள் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரம்மா வந்தார். எதிரே நாற்காலி இல்லாததால், நர்ஸ் மேசைப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் மாதிரி இல்லை. களைத்துப்போயிருந்தார்.

"நீங்கதானேம்மா மருந்துக்கடை?"

"ஆமாங்க."

"உங்க கேன்ல என்ன இருந்துச்சு?"

"சோப்புத் தண்ணி."

"சோதனைக்கு அனுப்பியிருக்கோம். ஆனா புறாவுக்கு விஷம் வெச்சிருக்காங்கன்னு பாத்தாலே தெரியுது. தெருவுல என்ன பேசிக்கறாங்கன்னா, நீங்க புறாவைக் கொன்னீங்க, அவரு கேக்க வந்தப்ப மிளகாயை அரைச்சுக் கண்ணுல ஊத்தினீங்க, உங்க வீட்டுக்காரர் வந்து அடிச்சாரு. திட்டம் போட்டுப் பண்ணின மாதிரி இருக்கு. அவரு பிழைக்கலேன்னா கேஸ் வேற மாதிரி ஆயிடும். அதனால கேக்கறேன். விஷம் வெச்சது யாரு?"

மருந்துக்கடைக்காரி வாயைத் திறந்தாள்.

ஒரு பெயர் போதும். அந்தப் பெயரைச் சொன்னால் தன் கணவன்மேல் இருக்கும் பாரத்தில் பாதி குறையும். ஆனால் சொன்னால், உள்ளே கிடப்பவன் என்றைக்காவது எழுந்து வீட்டுக்கு வருவான். வந்து, மெஷின் அறைக் கதவைச் சாத்துவான். கீழே சத்தம் கேட்கும். இனிமேல் அவளால் அதைப் பட்டறைச் சத்தம் என்று நினைத்துக்கொள்ள முடியாது.

"சொல்லுங்கம்மா."

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேங்க" என்றாள். எழுந்திருக்கவில்லை. ஓரகத்தியின் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் அதுவே பதிலாகிவிடும் என்று தோன்றியது.

அறுவை அறைக் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

"தலையில அடிபட்டவரோட மனைவி யாரு? கண் விழிச்சிட்டாரு. கண்ணுல கட்டு இருக்கு, பாக்க முடியாது. ஆனா பேசறாரு. காலையில நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல போலிருக்கு."

"என்ன பேசறாரு?" என்று தையல்காரி கேட்டாள்.

"உங்களைத்தான் கூப்பிடறாரு. புறாவுக்குத் தண்ணி வெச்சாளா, கேளுங்கன்னு சொல்றாரு. ஒரு நிமிஷம் உள்ள வந்து கையைப் பிடிச்சுக்கங்க. அடங்கிடுவாரு."

தையல்காரி எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். கதவை நோக்கி நடந்தாள். நர்ஸ் வழிவிட்டு ஒதுங்கி, கதவைக் காலால் திறந்து பிடித்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆணின் குரல், தடித்த நாக்கோடு, அவளை மறுபடி கூப்பிட்டது.

வாசலருகே அவள் நின்றாள். உள்ளே பார்க்கவில்லை.

"அவர்கிட்ட நான் வரலேன்னு சொல்லிடுங்க" என்றாள் நர்ஸிடம்.

திரும்பி வந்து, போலீஸ்காரம்மாவுக்கு எதிரே, ஓரகத்தியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூடிய தோளை அவளே விலக்கினாள்.

"எழுதிக்கங்கம்மா" என்றாள். "எங்கேயிருந்து சொல்லணும்? நேத்துல இருந்தா, கல்யாணத்துல இருந்தா?"